மஞ்சள் கோடு

நான்கு லட்சம் கிலோமீட்டர்
வாசா நகரத்தில் டாக்ஸியாக ஓடிக் களைத்த பென்ஸ் அது.
பாதிப் பணம் என்னுடையது,
பாதி அர்மாஸுடையது.
பழைய லாரியிலிருந்து கழற்றிய டர்போவை
சேர்ந்தேதான் பூட்டினோம்.
அதை எவ்வளவு ஊத விடுவது என்பதில்தான்
நாங்கள் இரண்டு பேர்.

வேஸ்ட்கேட் ஒரு சின்னக் கதவு,
இரண்டு யூரோ நாணயம் அகலம்.
புகை சக்கரத்தை மிதமிஞ்சி விரட்டும்போது
அது திறந்து
மிச்சத்தைப் பக்கவழியில் அனுப்ப வேண்டும்.
திறக்கச் சொல்வது யார்?
டர்போ திணிக்கும் அதே காற்றுதான்.
பென்சில் தடிமன் ரப்பர் குழாய் வழியே வந்து
சவ்வைத் தள்ளும்;
சவ்வு, சுருள்வில்லை மீறிக் கம்பியைத் தள்ளும்.
தன் பிடரியைத் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு.

கம்பியின் நுனியில் மரை.
இறுக்கினால் கதவு தாமதிக்கும்.
"டீசலுக்குக் காற்றுதான் சோறு,
பட்டினி போடாதே ராக்கெல்" என்பான் அர்மாஸ்.
ஹெட் கேஸ்கெட் விலையை நான் சொல்வேன்.
கடைசியில் ஒன்று புள்ளி எட்டு பாரில் நிறுத்தி
பூட்டு நட்டின் குறுக்கே
மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன்.
யார் தொட்டாலும் கோடு முறியும்.

ஜனவரி. மைனஸ் இருபத்தேழு.
லாபுவா தாண்டி, வெள்ளை வயல்களுக்கு நடுவே
அளவுகோல் வைத்துக் கிழித்த சாலை.
மிதித்தேன்.
முள் ஒன்றரை. ஒன்று எட்டு.
நிற்கவில்லை.
இரண்டு ஐந்து.
விசில் ஊளையாகியது.
மூன்றைத் தொடும் முன் காலை எடுத்துவிட்டேன்.
நடுங்கியது வண்டியா தொடையா தெரியவில்லை.

வொர்க்‌ஷாப்பின் கதகதப்பில் பிரித்துப் பார்த்தால்
எல்லாம் ஒழுங்கு.
கம்ப்ரசரிலிருந்து காற்று கொடுத்தேன்,
சமர்த்தாய்த் திறந்தது கதவு.
கோடும் முறியவில்லை.
அப்படியானால் இறுக்கியவன்
திரும்பத் தளர்த்தியிருக்கிறான்,
கோட்டையும் புதிதாய் வரைந்திருக்கிறான்.
சந்தேகத்துக்கு ஒரு பெயின்ட் டப்பா
கிடைக்காமலா போகும்?

சொன்னேன்.
அர்மாஸ் மறுக்கவில்லை.
கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டு
வெளியே போனான்.
ஒன்பது நாள்
அவன் காபிக் கோப்பை
வைஸ் மேல் கவிழ்ந்தே கிடந்தது.

பத்தாம் நாள் அதே சாலை, அதே ஊளை.
இந்த முறை வீடுவரை ஓட்டவில்லை.
ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி
தலைவிளக்கு வெளிச்சத்தில்
குழாயைக் கொறடால் உருவி
மட்கார்டில் தட்டினேன்.
விழுந்தது
அரிசிமணி அளவு பனிக்கட்டி.

குழாய் ஓரிடத்தில் தொய்ந்திருந்தது.
காற்றின் வியர்வை அங்கே இறங்கித் தேங்கி
உறைந்து
வழியை அடைத்திருந்தது.
டர்போ கத்திக்கொண்டே இருந்திருக்கிறது,
கதவுக்குக் காது கேட்கவில்லை.
போன முறை அந்தச் சாட்சியை
என் ஹீட்டரே உருக்கிவிட்டது.
இப்போது கையுறையின் மேல்
அசையாமல் இருந்தது மணி,
உருகும் உத்தேசமே இல்லாமல்.

போன் செய்தேன்.
எதைச் சொல்ல வேண்டுமோ அது வரவில்லை.
"குழாய் தொய்ந்திருக்கு" என்றேன்.
அவன் பக்கம் ஒரு டிராக்டர்
வெகுநேரம் ஐட்லிங்கில் ஓடியது.
"எந்த இடத்தில்?" என்றான்.

சனிக்கிழமை வந்தான்.
குழாயை ஒரு சாண் வெட்டிக் குறைத்து
தண்ணீர் தங்க இடமில்லாமல்
சரிவாகக் கட்டினோம்.
கோப்பையை நிமிர்த்தினான், ஊதித் தூசி துடைத்தான்.
பிறகு, எதுவுமே நடக்காதது போல:
"கால் சுற்று இறுக்கலாமா?"

ஸ்பானரை அவனிடம் கொடுத்தேன்.
பெயின்ட் டப்பாவை
நானே வைத்துக்கொண்டேன்.